காரணமில்லாத கீறல் கூடாது

ஈப்போவில் பிற்பகல் மழை இறங்குவதற்குள் சாயம் அடித்து முடித்துவிட வேண்டும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் லாக்கர் சாயம் வெளுத்துப் பூத்துவிடும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூசிய பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. பெரிய வண்டிக்கே இந்தத் தொல்லை உண்டு. ஒரு சாண் நீளம்கூட இல்லாத வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் நகரின் புந்தோங் பகுதியில் நான் பார்க்கப் போனவர், "காலையிலேயே வந்துடுங்க தம்பி" என்று சொல்லியிருந்தார்.

அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கார் பட்டறையில் நெளிசல் தட்டி, பட்டி பூசி, சாயம் அடிப்பது பிழைப்பு. ஓய்வு நாளில் வீட்டின் பின்கட்டில் அதே வேலையை இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவில் செய்கிறார். பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். பள்ளி விடுமுறையில் இவர் ஒட்டுப்பால் பொறுக்கியிருக்கிறார். தோட்டம் கைமாறியது, ரப்பர் சாய்ந்தது, செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கைகள் வேண்டியதில்லை. லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இவர் குடும்பமும் ஈப்போவுக்கு வந்தது.

மேசைமேல் இருந்தது ஒரு டொயோட்டா ஹைலக்ஸ். அவோஷிமா நிறுவனத்தின் பிளாஸ்டிக் பெட்டி மாடல். 1994ஆம் ஆண்டின் நான்கு கதவு வண்டி. அவோஷிமா ஜப்பானின் ஷிசுவோக்கா நகரத்து நிறுவனம். அமெரிக்கப் பிக்கப் மாடல்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். டேஷ்போர்டையே அறுத்து மாற்ற வேண்டும். ஜப்பான் மாடலில் நம் ஊர்போல வலப்பக்கமே இருப்பதால் அந்த வேலை மிச்சம். 1:24 என்ற அளவு அடிக் கணக்கில் பிறந்தது: நிஜத்தில் ஓர் அடி, மாடலில் அரை அங்குலம்.

பெட்டியில் வருவது கடையிலிருந்து இப்போதுதான் இறக்கிய வண்டி. இவருக்கு வேண்டியதோ பால் டிரம்மையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு செம்மண் பாதையில் பல வருடம் ஓடிய தோட்டத்து வண்டி. பித்தளைக் கம்பியை வளைத்துப் பின்தட்டுக்குக் கூண்டு கட்டுகிறார். மெல்லிய டிஷ்யூ தாளை வெள்ளைப் பசை கரைத்த நீரில் நனைத்துக் கூண்டின்மேல் விரித்தால் கான்வாஸ் தயார். பின்பக்க வில் பட்டைகளைச் சற்றே தட்டையாக்கி வண்டியின் பின்புறத்தை இரண்டு மில்லிமீட்டர் தாழ்த்துகிறார். நிஜ அளவில் அது ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர். "சுமை தூக்கின வண்டிக்கு முதுகு கூனியிருக்கணும்" என்றார்.

சாயம் அடிப்பதுதான் பெரிய கணக்கு. நிஜ வண்டியில் சாயப் படலம் மொத்தமாகப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவு இருக்கும். அதை 24ஆல் வகுத்தால் நான்கு மைக்ரான். அத்தனை மெல்லிசாக எந்தத் துப்பாக்கியிலும் அடிக்க முடியாது. எனவே கதவு இடுக்குகளைக் கத்தி முதுகால் முன்கூட்டியே ஆழப்படுத்திவிடுகிறார். இல்லையென்றால் சாயம் நிரம்பி, கதவும் உடம்பும் ஒன்றாகிவிடும். சாம்பல் நிற அடிச்சாயம் காய்ந்ததும் 1000 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிறார். பிறகு மேல்சாயம், பனிபோல, ஒன்றன்மேல் ஒன்றாக. பட்டறையில் ஒரு கதவுக்குக் கை வீசும் தூரத்தை இங்கே மணிக்கட்டு மட்டும் வீசுகிறது.

பின்தட்டின் உட்புறத்துக்கு வேறு வழி. முதலில் துரு நிறம். அதன்மேல் தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரே. அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் சாயம். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தொட்டால் நடுவிலுள்ள ஸ்ப்ரே கரைந்து, மேல்சாயம் செதில் செதிலாகக் கழன்று துரு வெளியே தெரிகிறது. கண்ணுக்கு முன்னால் ஒரு வண்டிக்குப் பத்து வயது கூடிவிடுகிறது. நான் வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"உரிக்க யாருக்கும் தெரியும் தம்பி. ஏன் அந்த இடத்துல உரிஞ்சதுன்னு சொல்லத் தெரியணும். காரணமில்லாத கீறல் கூடாது."

பிறகு ஒவ்வோர் இடமாகக் காட்டினார். பின்கதவின் மேல்விளிம்பில் சாயமே இல்லை. டிரம்மைச் சரித்து இழுக்கும் இடம் அது. இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே பலகை தேய்ந்திருக்கிறது. சாலையோரம் இடப்பக்கம் என்பதால் டயரில் கால் வைத்து அங்கேதான் ஏறுவார்கள். ஓட்டுநர் கதவில் கண்ணாடிக்குக் கீழே முழங்கை தேய்த்த மங்கல். ஆனால் முன்பக்க இடக்கதவின் கைப்பிடி புதிது போலவே இருந்தது. ஏனென்று கேட்டேன். "அதுல கிராணி மட்டும்தானே ஏறுவாரு" என்று தோட்டத்து எழுத்தரைச் சொன்னார். கூண்டுக் கம்பியில் துரு வைத்தவர், நடுவில் மட்டும் பென்சில் தூளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தார். நின்றுகொண்டு போகிறவர்கள் பிடிக்கிற இடம். தினமும் கைபடுகிற இரும்பு துருப்பிடிக்காது, மினுங்கும்.

டிரம்மின் வாயிலிருந்து வழிந்திருந்த பால் என்னை இன்னும் நெருங்கிப் பார்க்க வைத்தது. வெள்ளைப் பசையைத்தான் வழியவிட்டிருக்கிறார். ஆனால் எல்லாம் ஒரே வெள்ளை இல்லை. விளிம்பில் இன்றைய பால் வெண்மையாக, அதற்குக் கீழே நேற்றைய பால் மஞ்சளித்து, அடியில் பழைய பால் பழுப்பேறித் தோல்போலச் சுருண்டு நின்றது. ரப்பர் பால் காற்றுப்பட்டால் நிறம் மாறும் என்பது புத்தகத்தில் கிடைக்கும். எந்தச் சொட்டுக்கு எத்தனை நாள் வயது என்பது வாளி தூக்கியவர் கைக்குத்தான் தெரியும்.

இத்தனை பார்க்கிறவர் சக்கரத்துக்குத் தோட்டத்துச் செம்மண்ணையே பூசியிருப்பார் என்று நினைத்தேன். இல்லை, சாக்குக்கட்டியைச் சுரண்டிய தூள். நிஜ மண்ணில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துகள்கூட இந்த அளவில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் சரளைக் கல்லாகத் தெரியும்.

அவரிடம் வேலை பழகுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை, கல்லூரியில் வடிவமைப்பு படிக்கிறாள். இவரை மாமா என்கிறாள். டிரம், வாளி, மரத்தில் பால் பிடிக்கும் மங்கு எல்லாம் அவள் கணினியில் வரைந்து முப்பரிமாண அச்சில் எடுத்தவை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து, பேராக் மாநிலத்துக்கு உரிய 'ஏ'யில் தொடங்கும் எண். அந்த நம்பர் பிளேட்டும் அவள் வேலைதான். நிஜத்தில் ஏழு சென்டிமீட்டர் உயரமுள்ள எழுத்து இங்கே மூன்று மில்லிமீட்டருக்குள் அடங்கியாக வேண்டும். அவள் தோட்டத்தில் வாழ்ந்ததில்லை. ஆகவே அவளிடம் ஒரு நோட்டு இருக்கிறது. மாமா சொல்கிற காரணத்தையெல்லாம் எழுதிக்கொள்கிறாள்.

பிறகொரு நாள் மூவருமாகச் சுங்கை சிப்புட் பக்கம் போனோம். அவருடைய தோட்டத்தில் இப்போது கண்ணுக்கெட்டிய மட்டும் செம்பனை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களம் இருந்த இடத்தைக் கோயிலை வைத்துத்தான் அடையாளம் சொன்னார். கோயிலுக்குப் பின்னால் எஞ்சின் இல்லாத பிக்கப் ஒன்று லாலான் புல்லில் புதைந்து கிடந்தது. அவள் அளவு எடுத்தாள், அவர் துருவைப் படம்பிடித்தார். துரு மேலிருந்து வருவதில்லை, தண்ணீர் தேங்கும் மூலையிலிருந்து தொடங்குகிறது என்று அவளுக்குக் காட்டினார்.

தோட்டத்து வண்டியை மாற்றிக் கட்டுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அதன் பிறகு துரைமார்கள் தங்கள் வண்டிகளுக்கு இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். அடுத்த மாடல் அப்படி ஒன்றாக இருக்கட்டும் என்பது அவள் ஆசை. அவருக்கு மனமில்லை. "தகடு துரைக்குத்தான் இருந்துச்சு. பின்னாடி நின்னவங்களுக்கு என்ன இருந்துச்சு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி பேராக் முழுவதற்கும் பொருந்தும். கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் எஞ்சிய மரத்துக்கு வேலியும் பெயர்ப்பலகையும் உண்டு. பத்து காஜாவில் கெல்லி ஸ்மித் கட்டி முடிக்காத மாளிகையைப் பார்க்கச் சுற்றுப்பயணிகள் நுழைவுச்சீட்டு வாங்குகிறார்கள். மரம் இருக்கிறது, துரை வீடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே விடியுமுன் ஆட்களை ஏற்றிப்போய், வெயிலேறிய பிறகு பாலை ஏற்றிவந்த வண்டியை நான் எந்தக் காட்சிக்கூடத்திலும் பார்த்ததில்லை. பார்த்தது இந்தப் பின்கட்டில்தான். இத்தகைய மாடல்களுக்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஓர் அலமாரி கிடைத்தால் நல்லது. கிடைத்தால் அந்த நோட்டையும் சேர்த்தே வைக்க வேண்டும். நோட்டு இல்லாவிட்டால் அது கைத்திறன் மிக்க பழைய வண்டி பொம்மை, அவ்வளவுதான்.

சுங்கை சிப்புட்டிலிருந்து திரும்பும் வழியில் அவள் கேட்டாள்: "மாமா, கான்வாஸை இறக்கிட்டா பின்னாடி இருக்கிறவங்க வண்டியை நிறுத்தச் சொல்றது எப்படி?"

"கையை வெளிய நீட்டி முன்கூரையில ரெண்டு தட்டு தட்டுவோம்" என்றவர், சற்று நிறுத்திச் சிரித்தார். "அட, அந்தக் கூரையை மொழுமொழுன்னுல்ல அடிச்சு வெச்சிருக்கேன்!"

கூரையின் பின்விளிம்பில், இடப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு லேசான நெளிசல் என்று அவள் நோட்டில் குறித்துக்கொண்டாள். "தட்டுறது ஒருத்தரா, ரெண்டு பேரா மாமா?" என்று அடுத்த கேள்வியைப் போட்டாள்.