பயண துஆவும் முன் பிரேக்கும்



கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை அறிந்தவர்களுக்கு அதன் வளைவுகளைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. கோமுகி அணையை ஒட்டிய அடிவாரம் முடிந்ததும் கல்வராயன் மலை தொடங்கிவிடும். மழைக்குப் பிறகு வளைவுகளின் உட்புறத்தில் பொடிக்கல் சேர்ந்து கிடக்கும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, மதரஸாவின் ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள், மாணவர்களைப் பெரியார் நீர்வீழ்ச்சிக்கு அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் வேனில் வந்தார்கள். உஸ்தாதுகள் மூவரும் எங்கள் மோட்டார் சைக்கிள்களில் சென்றோம். திரும்பும்போது பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் வேனில் தலை சுற்றுகிறது என்றான். அவனை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டோம். பயண துஆவை அவனையே உரக்க ஓதச் சொன்னோம். தஜ்வீத் பிசகாமல் ஓதினான். அவன் தலையில் தலைக்கவசம் இல்லை.

ஒரு வளைவில் எதிரே சரக்கு லாரி வந்தது. கண்கள் அந்த லாரியிலேயே நிலைத்துவிட்டன. வலக்கால் தானாகவே பின் பிரேக்கை முழுவதுமாக மிதித்தது. பொடிக்கல்லில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கியது. லாரி ஓட்டுநர் நிறுத்திவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஓட்டியவருக்குச் சிராய்ப்புகளோடு போயிற்று. மாணவனுக்கு இடக்கை எலும்பு முறிந்தது.

மூவருள் ஓட்டியவர் யார் என்பதை இங்கே எழுதவில்லை. எவர் ஓட்டியிருந்தாலும் அதுவே நடந்திருக்கும் என்பதைப் பின்னர் அறிந்துகொண்டோம்.

அன்று மாலை மாணவனின் வீட்டிற்குச் சென்று தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். அவனுடைய தாயார் திரைக்குப் பின்னாலிருந்து, "அல்லாஹ் நாடினது நடந்துபோச்சு ஹஜ்ரத். நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார்.

கத்ரின் மீது ஈமான் கொள்வது நம் அனைவரின் கடமை. ஆயினும் அந்தச் சொல்லை அத்தாய் சொல்லலாம். நாங்கள் சொல்ல இயலாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, கட்டாமலேயே தவக்குல் வைப்பதா என்று கேட்ட மனிதருக்கு, கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைத் திர்மிதியில் காண்கிறோம். அதை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவர்களும் நாங்களே. எங்கள் ஒட்டகம் கட்டப்பட்டிருந்ததா என்ற கேள்வி இரவெல்லாம் உறங்கவிடவில்லை.

நாங்கள் வண்டி ஓட்டக் கற்ற விதத்தை எண்ணிப் பார்த்தோம். ஒருவருக்கு அவருடைய அத்தா அறுவடை முடிந்த வயலில் கற்றுக் கொடுத்தார். மற்றொருவருக்கு நண்பர். மூன்றாமவர் தாமாகவே விழுந்து எழுந்து கற்றார். மூவருக்கும் கிடைத்த பாடம் ஒன்றே: "முன் பிரேக்கப் பிடிச்சா குப்புற விழுவே." அதன் பிறகு உரிமத்திற்காக எட்டுப் போட்டுக் காட்டினோம். எட்டுப் போடுவது மெதுவாகச் செல்லும் வண்டியைக் கால் ஊன்றாமல் நிலைநிறுத்தும் திறனுக்கான சோதனை. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை எப்படி நிறுத்துவது என்பதை அது கற்பிப்பதில்லை. இருபது ஆண்டுகள் எந்த உஸ்தாதும் எங்கள் ஓட்டத்தைக் கேட்டுத் திருத்தியதில்லை.

ஓதும் கலையில் இதை நாங்கள் ஒருபோதும் அனுமதிப்பதில்லை. ஒரு பிள்ளை தனியாக முஸ்ஹஃபைப் பார்த்துத் தானே ஓதக் கற்றுக்கொண்டேன் என்றால் ஏற்றுக்கொள்வோமா? எதிரே அமரவைத்து, ஒவ்வோர் எழுத்தின் மக்ரஜையும் கேட்டுத் திருத்துவோம். ஓதலில் யாவருக்கும் தெரியும் பிழையை லஹ்ன் ஜலீ என்றும், துறையறிந்தவருக்கு மட்டுமே புலப்படும் பிழையை லஹ்ன் கஃபீ என்றும் பிரித்துச் சொல்வோம். எங்கள் வண்டியோட்டத்தில் இரண்டுமே நிறைந்திருந்தன. கேட்டுச் சொல்ல ஆளில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர் ஒருவர் செய்தி கேட்டுத் தொலைபேசியில் பேசினார். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் தொடக்கநிலை ஓட்டுநர்களுக்கு ஒருநாள் பயிற்சி நடப்பதாகவும், மூவருக்கும் தாமே பதிவு செய்வதாகவும் கூறினார். ஜமாஅத் பெரியவர் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. "பந்தயம் ஓட்டுற எடத்துல ஹஜ்ரத்துமாருக்கு என்ன வேலை?" என்றார்.

அவருக்குப் புகாரியில் இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியை நினைவூட்டினோம். நபி (ஸல்) அவர்கள் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சியால் உடல் இறுக்கப்பட்ட குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை நீண்ட தொலைவையும், பயிற்சி பெறாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை குறுகிய தொலைவையும் வகுத்தார்கள். இப்னு உமர் (ரலி) அவர்களும் அதில் ஓட்டியவரே. பயிற்சி பெற்றதற்கு ஓர் அளவு, பெறாததற்கு வேறோர் அளவு! பெரியவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "போய்ட்டு வாங்க, பத்திரம்" என்றார்.

அந்தத் தடத்திற்கும் ஒரு வரலாறு உண்டு. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், பல்லாண்டுகள் சோழவரத்தின் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயங்களை நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைந்து 1990இல் திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். அமெரிக்காவில் கீத் கோட் என்பவர் 1980இல் தொடங்கிய கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியும் 2010 முதல் இங்கு வந்து பயிற்சி அளித்திருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே என்னும் மற்றொரு தடமும் உண்டு.

ஜிப்பாவைக் கழற்றி, தடித்த மேலங்கி, கையுறை, கணுக்காலை மூடும் காலணி, முகம் முழுவதையும் மறைக்கும் தலைக்கவசம் ஆகியவற்றை அணிந்து நின்றபோது, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பயிற்றுநர் எங்கள் மூத்த மாணவர்களின் வயதுள்ள இளைஞர். நாற்பதைக் கடந்த நாங்கள் அவர் முன் மாணவர்களாக அமர்ந்தோம்.

முதலில் வகுப்பு, பிறகு ஓட்டம், மீண்டும் வகுப்பு என்று நாள் முழுவதும் மாறி மாறி நடந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பாடம். முதல் ஓட்டத்தில் கியரை மாற்றக்கூடாது, பிரேக்கைத் தொடக்கூடாது, ஆக்ஸிலரேட்டரை மட்டுமே கவனிக்க வேண்டும். தடத்தில் பயிற்சி அளிப்பதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அங்கே எதிரே பேருந்து வராது, நாய் குறுக்கிடாது, இருட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் நிற்காது. மனம் ஒரே பிழையின் மீது நிற்க முடிகிறது. காயிதாவில் ஓர் எழுத்தை முடித்த பின்னரே அடுத்த எழுத்திற்குச் செல்லும் முறையும் இதுவே அல்லவா?

இரண்டாம் பாடம் பார்வை. கண் எங்கே நிலைக்கிறதோ அங்கேயே வண்டி செல்லும். அஞ்சும் பொருளைப் பார்க்காமல், வளைவு முடியும் இடத்தைப் பார்க்க வேண்டும். லாரியையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கணம் எங்கள் மூவரின் நினைவிலும் வந்து போனது.

மூன்றாம் பாடம் பிரேக். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்திற்குச் செல்கிறது, பின்சக்கரம் இலேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலிமையில் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் உள்ளது. பின் பிரேக்கை மட்டும் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். முன் பிரேக்கைச் சட்டென இழுக்காமல், எலுமிச்சையைப் பிழிவதுபோல் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்குப் பதினோரு மீட்டர். கண் கண்டு கை செயல்படும் முன்பே அவ்வளவு தொலைவு கடந்துவிடும். வேகம் இருமடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தொலைவு நான்கு மடங்காகும்.

எங்களுள் ஒருவர், "இருபது வருஷமா இது தெரியாமத்தான் ஓட்டினோமா தம்பி?" என்று கேட்டார். அந்த இளைஞர் பணிவோடு, "பரவாயில்ல சார், நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுறாங்க" என்றார். அது ஆறுதலாக இல்லை.

நண்பகலில் தடத்தின் ஓரமாக நிழலில் லுஹரை இரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுதோம். தொழுத பின் பயண துஆவைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஸூரா அஸ்ஸுக்ருஃபின் 13, 14ஆம் வசனங்களிலிருந்து நாம் ஓதும் அந்த துஆவில், இவ்வாகனத்தை வசப்படுத்தும் ஆற்றல் நமக்குத் தாமாக இருக்கவில்லை என்ற ஒப்புதல் இருக்கிறது. இறைவனிடமே திரும்புவோம் என்ற நினைவூட்டலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான முறை ஓதியும் அந்த ஒப்புதலை நாங்கள் செவியுற்றிருக்கவில்லை. ஆற்றல் இல்லை என்று நாவால் கூறிவிட்டு, எல்லாம் தெரிந்தவர்களாக வண்டியை முறுக்கியிருக்கிறோம். அந்த துஆ ஒரு மாணவனின் சொல். நாங்களோ கற்க மறுத்த மாணவர்களாக இருந்தோம்.

ஊர் திரும்பியதும் சில முடிவுகளை எடுத்தோம். பதினெட்டு வயது நிறையாத, உரிமம் பெறாத எந்த மாணவனும் வண்டியில் மதரஸாவிற்கு வரக்கூடாது. பின்னால் அமரும் பிள்ளைக்கும் தலைக்கவசம் கட்டாயம். வெள்ளிதோறும் அஸருக்குப் பின் மைதானத்தில் செங்கற்களை வரிசையாக வைத்து, உரிமம் பெற்ற இளைஞர்களுக்கு நாங்கள் கற்றதைக் கற்றுத் தருகிறோம். ஒருநாள் பயிற்சியால் நாங்கள் வல்லுநர்களாகிவிடவில்லை. எனினும் முன் பிரேக்கைத் தொட அஞ்சும் இளைஞர் இருபது கிலோமீட்டர் வேகத்தில் அதை மெல்ல இறுக்கி, குறித்த கல்லுக்கு முன்னால் நிற்கும்போது, அவர் முகத்தில் தோன்றும் வியப்பு எங்களுக்கும் பழக்கமானதே.

சென்ற மாதம் அந்த மாணவனைத் தலைக்கவசம் அணிவித்து, அவன் தாயாரின் அனுமதியுடன், அதே மலைச் சாலையில் அழைத்துச் சென்றோம். துஆவை அவனே ஓதினான். முதல் வளைவில் ஜிப்பாவை இறுகப் பிடித்துக்கொண்டான். நான்காம் வளைவில் பிடி தளர்ந்திருந்தது. வெள்ளிமலையில் தேநீர் அருந்தும்போது, "எனக்கும் கத்துத் தருவீங்களா உஸ்தாத்?" என்று கேட்டான். இன்ஷா அல்லாஹ், பதினெட்டு வயது ஆகட்டும் என்றோம்.

சகோதரர்களே, நம்மை நம்பிப் பின்னால் அமரும் ஒவ்வோர் உயிரும் அமானிதம். அந்த அமானிதத்தைச் சுமக்கக் கற்பதில் வயதோ பதவியோ குறுக்கே நிற்க வேண்டாம். கற்றுக்கொண்டு அவன் மீது தவக்குல் வைப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! நம் பாதைகளைப் பாதுகாப்பானவையாக ஆக்குவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.