பாஷாணில் ஒரு குளம், காவிரியில் ஒரு மீன்

புணேயின் வடமேற்கே பாஷாண் என்றொரு பகுதி. மராத்தியில் அச்சொல்லுக்குக் கல் என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது நஞ்சு என்று கேட்கும். கும்பகோணத்திலிருந்து வந்து அங்கே முப்பத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர், தம் எழுபத்தொன்றாம் வயதில் வீட்டின் பின்புறம் மீன்குளம் வெட்டத் தொடங்கினார். முதல் நாளே ஒன்றரை அடி ஆழத்தில் கடப்பாரை கல்லில் மோதியது. நஞ்சு சில வாரங்கள் கழித்து வந்தது.

காவிரிப் படுகையில் பிறந்தவருக்குக் குளம் வெட்டுவது என்றால் வண்டலில் மண்வெட்டி இறங்கும் ஓசைதான் நினைவுக்கு வரும். தக்காணத்தின் நிலம் வேறு. மேலே கரிசல், அதன் கீழே மராத்தியில் ‘முரும்’ எனப்படும், சிதைந்து உதிரும் கல், அதற்கும் கீழே எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட் பாறை. கரிசல் மழையில் உப்பும், கோடையில் கைவிரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மீது நேரடியாகக் கட்டப்படும் சிமெண்ட் தொட்டி நிலத்தோடு சேர்ந்து அசைந்து விரிசல் விடும். எனவே கரிசலை முழுவதும் அகற்றி, முரும் தட்டுப்படும் வரை தோண்டி, அதையே இடித்துச் சமன் செய்து தளமாக்கினார். தோண்டிய கரிசலை எறிந்துவிடாமல் சுவரோரம் குவித்து வைத்தார்.

சிமெண்ட்டைக் கைவிட்டு நெகிழித் தாளுக்கு வந்தது மகாராஷ்டிர உழவர்களைப் பார்த்துத்தான். இங்கே மழைநீரைத் தேக்க வயலில் வெட்டும் பண்ணைக்குட்டைக்கு ‘ஷேத்தளே’ என்று பெயர். 2016-இல் மாநில அரசு அதற்கெனத் தனித் திட்டமே கொண்டுவந்தது. அக்குட்டைகளில் விரிக்கும் 500 மைக்ரான் தடிமனுள்ள கறுப்புத் தாள் வேளாண் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கிறது. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். ஒவ்வொரு பக்க அளவோடும் ஆழத்தின் இருமடங்கையும் கரைமீது மடிக்க இரண்டடியையும் கூட்டினால் பதினேழுக்குப் பதின்மூன்றடித் தாள் வேண்டும். ஓரத்தில் செடிகளுக்காக விட்ட படிகள் போக ஏறத்தாழ 3,500 லிட்டர் நீர் கொள்ளும். தாளுக்கு அடியில் பழைய சாக்குகளும் அவருடைய மனைவியின் இரண்டு கிழிந்த ஜமுக்காளங்களும் போயின. முரும் கூர்மையான கல், தாளைக் குத்தும்.

நீர் நிரப்பிய நான்காம் நாள் பேரன் இரண்டு தங்கமீன்களோடு வந்து நின்றான். ஒரு மாதம் பொறுக்கச் சொன்னார் தாத்தா. பையில் ததும்பும் மீனைக் காட்டி எவ்வளவு நேரம் ஒரு சிறுவனிடம் வாதாட முடியும்? விட்டார்கள். மூன்றாம் வாரத்தின் ஒரு பிற்பகலில் இரண்டும் மல்லாந்து மிதந்தன.

வாழ்நாள் முழுவதும் கரும்பலகையில் எழுதிய சமன்பாட்டைத் தம் கொல்லைப்புறத்தில் மறந்துவிட்டதே அவரை அதிகம் உறுத்தியது. மீனின் கழிவு அம்மோனியாவாக வெளிவருகிறது. அதை ஒருவகை நுண்ணுயிரிகள் நைட்ரைட்டாகவும், வேறு சில நைட்ரேட்டாகவும் மாற்றும். பின்பு செடிகள் உண்ணும். புதுக் குளத்தில் அந்த நுண்ணுயிரிகள் பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் சேரும் அம்மோனியா எவ்வளவு கொல்லும் என்பதை நீரின் காரத்தன்மை தீர்மானிக்கிறது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது, பி.எச். 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நஞ்சாகிவிடும். வெயிலில் பச்சை பிடித்த நீரில் பாசிகள் பகலெல்லாம் கரியமில வாயுவை உறிஞ்ச, பிற்பகலில் காரம் உச்சத்தைத் தொடும். மீன்கள் செத்தது சரியாக அந்த நேரத்தில். தேர்வில் இதைக் கேள்வியாகவே கொடுத்திருக்கிறார். பேரனிடம் இதையெல்லாம் விளக்கவில்லை. “தப்பு என்மேலதான்டா” என்றார்.

பாசிக்கு மருந்து நிழல். நீர்ப்பரப்பின் பாதிக்கு மேல் இலைகள் மூடிவிட்டால் வெயிலும் குறையும், பாசி உண்ணும் சத்தையும் செடிகளே எடுத்துக்கொள்ளும். சுவரோரம் குவித்த கரிசலுக்கு அப்போதுதான் வேளை வந்தது. தொட்டியைப் பிளக்கும் அதே களித்தன்மை அல்லிக்கு உகந்தது: நீரில் கரைந்தோடாது, சத்தைப் பிடித்துவைக்கும். அகலக் கூடைகளில் கரிசலை இட்டு, கிழங்கின் குருத்து வெளியே தெரிய நட்டு, மீன் கிளறாதிருக்க மேலே கூழாங்கல் பரப்பினார். மக்கிய எரு இட்டால் நீர் கெடும். கூடையை ஒரேயடியாக அடியில் இறக்காமல், முதலில் செங்கல்மீது வைத்து, இலை நீள நீளச் செங்கல்லை எடுத்தார். தாமரைக்கு மட்டும் துளையற்ற தனித் தொட்டி. அதன் கிழங்கு ஓடும் வேகத்தில் கூர்முனை தாளைத் துளைத்துவிடக்கூடும்.

பக்கத்து வீட்டு மூதாட்டியை அவர் ‘மாவ்ஷி’ என்றழைப்பார். அம்மையாருக்கு எல்லாமே ‘கமள்’. இரவில் மலரும் வெள்ளாம்பல் வேறு, பகலில் மலரும் நீலக்குவளை வேறு, தாமரை வேறு என்று இவர் ஒரு மாலை முழுவதும் எடுத்துரைத்தார். அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பூஜைக்கு இரண்டு ‘கமள்’ பறித்துக்கொண்டு போனார். இத்தனை நீர்ப்பூக்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்த மொழியைச் சேர்ந்தவர் என்ற பெருமிதம் அவருக்கு அன்று அரைமணி நேரம் நீடித்தது.

நாற்றுப் பண்ணையில் அல்லிக்கிழங்கோடு ஒரு கைப்பிடி ஆகாயத்தாமரையை இலவசமாகத் தர முன்வந்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. தஞ்சை வாய்க்கால்களில் அதை வெங்காயத்தாமரை என்று வைதுகொண்டே அள்ளிப்போட்டவர்களோடு வளர்ந்தவர். புணேயில் அதன் பெயர் ‘ஜல்பர்ணி’. வீட்டருகே உள்ள பாஷாண் ஏரியை மூடுவதும் அதுவே. அந்த ஏரி ராம்நதி என்னும் சிற்றாற்றின் மீது அமைந்தது. ராம்நதி முளாவில் சேர்கிறது. முளா முட்டாவோடு கூடி, கிழக்கே ஓடிப் பீமாவில் கலந்து, கிருஷ்ணை வழியே வங்கக் கடலை அடைகிறது. அவர் வீட்டு மழைநீர் வடிகால் ராம்நதிக்குச் செல்கிறது. குளம் நிரம்பி வழிந்தால் அதிலுள்ள எதுவும் அந்த வழியே போகலாம். வேலியிட்ட கொல்லையில் இருப்பதால் அது தனிக் குளம் என்று நினைத்தது பிழை என அவர் உணர்ந்தது அந்த ஒரு கைப்பிடிச் செடியைத் திருப்பிக் கொடுத்த கணத்தில்.

மீனைப் பற்றி மீண்டும் பேச்செழுந்தபோது பேரன் தயாராக வந்திருந்தான். “தாத்தா, புணேயோட சொந்த மீன் எது? அதையே விடலாமே.” நல்ல கேள்வி, அதற்கு விடையும் உண்டு. பம்பாய்ப் படையின் அதிகாரியாகத் தக்காணத்தில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ், இப்பகுதி ஆறுகளின் மீன்களை விவரித்து 1839-இல் வெளியிட்டார். உள்ளூரில் வழங்கிய மராத்திப் பெயர்களையே இலத்தீன் பெயர்களோடு இணைத்தது அவர் வழக்கம். அவற்றுள் ஒன்று ‘குத்ரி’. புணேக்குக் கிழக்கே சில கல் தொலைவில், முளா–முட்டா ஆற்றில் பிடித்தது. இன்று டோர் குத்ரி எனப்படும் நீலத்துடுப்பு மகசீர் அதுவே. பெரிதாக வளரும். ஓடும் நீரும் உயிர்வளியும் வேண்டும். கொல்லைக் குளத்தில் விடக் கூடியதன்று.

ஆனால் குளத்தில் வளர்க்கப்பட்ட வரலாறு அதற்கு உண்டு. பேராசிரியரை அன்றிரவு தூங்கவிடாததும் அதுதான். மகசீர் அருகுவதைக் கண்டு, 1970-களில் லோனாவலாவில் உள்ள டாடா மின்நிறுவனத்தின் பொரிப்பகம் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யத் தொடங்கியது. நோக்கம் தூயது, முயற்சி அரியது, வென்றது. குஞ்சுகள் பல மாநிலங்களுக்குச் சென்றன. காவிரிக்கும் சென்றன. காவிரியில் ஏற்கெனவே ஒரு மகசீர் இருந்தது: முதுகு திமில்போல் எழும், உலகத் தூண்டில்காரர்கள் கடல் கடந்து தேடி வந்த பெருமீன். புதிதாக விடப்பட்ட நீலத்துடுப்பு பெருகப் பெருக, திமில் மகசீர் தூண்டிலில் படுவது அருகியது. அணைகளுக்கும் மணல் அள்ளலுக்கும் வெடிவைத்து மீன்பிடிப்பதற்கும் இதில் பங்குண்டு. பழியை ஒரு மீன்மீது மட்டும் ஏற்றுவது நேர்மையன்று. ஆயினும் கொடுமை ஒன்றுண்டு. அந்தத் திமில் மகசீருக்கு உறுதியான அறிவியற்பெயரே 2018-இல்தான் கிடைத்தது: டோர் ரெமாதேவி. காவிரியின் கிளையாறான அமராவதிக்கு நீர் தரும் பாம்பாற்றிலிருந்து முன்னர் விவரிக்கப்பட்ட மீனும் இதுவும் ஒன்றே என்று அப்போது நிறுவினார்கள். அதே ஆண்டில் அது ‘மிக அருகிய இனம்’ எனப் பட்டியலிடப்பட்டது. இன்று அது எஞ்சியிருக்கும் இடங்களில் முக்கியமானது நீலகிரி அடிவாரத்து மோயாறு. நீலத்துடுப்போ எங்கும் பரவி, ஆபத்துப் பட்டியலிலிருந்து இறக்கப்பட்டது. அதன் பெயர் பிறந்த, புணேக்குக் கிழக்கேயான ஆற்றுப் பகுதி மட்டும் நகரின் கழிவைச் சுமந்து ஓடுகிறது.

காவிரிக்கரையில் பிறந்து முளாக்கரையில் முதுமை அடைந்த ஒருவருக்கு இது வெறும் தகவலாக இருக்க முடியாது. அந்தக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டவர்களும் மீனை நேசித்தவர்கள்தாம் என்பதே அவரை அலைக்கழித்தது. கெட்ட எண்ணம் என்றால் ஒதுக்கிவிடலாம்.

டெங்கு பரவும் மழைக்காலத்தில் மாநகராட்சி ஊழியர் கொசுப்புழு தின்னும் கப்பி மீன்களைத் தர முன்வந்தபோது, நன்றி கூறி மறுத்தார். சிமெண்ட் தொட்டிக்கும் கட்டுமானக் குழிக்கும் கப்பி பொருந்தலாம். வடிகாலோடு தொடுப்புள்ள குளத்துக்கு அவர் மனம் ஒப்பவில்லை. கோய், தங்கமீன், கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் சக்கர் மீன் எல்லாவற்றையும் விலக்கினார். முளாவில் சேரும் பவனா ஆற்றோரம் வலைவீசும் ஒருவரிடமிருந்து விரல் நீளக் கெண்டைகளும் ராஸ்போராக்களும் இருபது வாங்கினார். சந்தையில் விலையே இல்லாதவை. பளபளப்பு குறைவு, கொசுப்புழுவைக் கண்டால் பாய்ச்சலில் குறைவில்லை. பேரனுக்கு முதலில் ஏமாற்றம். “ஒரே ஒரு சிவப்பு மீன்கூடக் கூடாதா தாத்தா?” சில நாளில் பெயர் வைக்கத் தொடங்கிவிட்டான்.

அவர் மகளிடம் சொல்லாத ஒரு காரணமும் இருந்தது. பாஷாணில் தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிந்து அடுக்ககங்களாகின்றன. கட்டுமானக்காரர்கள் அவர் கதவையும் இருமுறை தட்டிவிட்டார்கள். தமக்குப் பின் இவ்வீடும் போகும். அன்று குளத்தை வற்றவைக்க வருபவர் மீன்களைக் கொல்ல மனமின்றி வாளியில் அள்ளி ஏரியில் விடுவார். இரக்கமுள்ளவர்கள் அதைத்தான் செய்வார்கள். அப்படிச் செய்தாலும் கேடு விளையாத மீன்கள் மட்டுமே குளத்தில் இருக்க வேண்டும்.

ஜூன் இரண்டாம் வாரத்தில் முதல் பெருமழை பெய்தது. இரவு பதினொன்றுக்குக் குடையும் கைவிளக்குமாக அவர் கரையில் நின்றார். நீர் விளிம்பைத் தொட்டு, வழிகுழாயில் இறங்கி, அவர் கட்டிய கொசுவலையைக் கடந்து, சரளைக் குழிக்குள் உறிஞ்சப்பட்டது. வலையில் இரண்டு அல்லி இலைகளும் ஒரு தலைப்பிரட்டையும் சிக்கியிருந்தன. தலைப்பிரட்டையை எடுத்துக் குளத்தில் விட்டார். அதை யாரும் வாங்கி வந்து விடவில்லை. ஏதோ ஒரு தவளை வேலியைத் தாண்டி வந்து முட்டையிட்டுப் போயிருக்கிறது.