இரண்டு முறை ஒடிந்த துதிக்கை

இப்போதெல்லாம் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கும் ‘ப்ராஜெக்ட்’ உண்டு என்பது பேரன் பேத்தி உள்ளவர்களுக்குத் தெரியும். பிள்ளையின் பெயர் போட்டிருக்கும். செய்தது அப்பாவோ அம்மாவோ, இல்லையென்றால் ஸ்டேஷனரி கடைக்காரரோ. தெர்மக்கோலில் கோபுரம், சார்ட்டில் ஒட்டிய காய்கறிப் படங்கள், பாட்டரி போட்டால் சுழலும் காற்றாலை என்று மதுரையில் எல்லாத் தெருவிலும் இது நடக்கிறது. நாலு வயசுப் பிள்ளை பக்கத்தில் நின்று, “தொடாதே, பிஞ்சுடும்” என்று திட்டு வாங்குவதோடு சரி.

நான் புதுச்சேரிக்காரன். மத்திய அரசு குமாஸ்தாவாக மாற்றலாகி மதுரைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன். 1954 நவம்பர் 1-ல் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்த பிறகும் நாங்கள் பிரெஞ்சிலேயே படித்தோம். சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ‘மத்தெர்னெல்’ என்று பெயர். அங்கே காகிதம் கத்தரிப்பதும் களி பிசைவதும் பாடம்தான். கைக்குக் கிடைத்ததை வைத்து எதையாவது செய்து பார்ப்பதற்கு ‘பிரிக்கொலாழ்’ என்று தனிச் சொல்லே உண்டு. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தப் பசை வாசனை எனக்கு மறக்கவில்லை.

2018-ல் மகளைப் பார்க்க நியூஜெர்சி போயிருந்தேன். பேத்தியை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த யூதர்களின் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். வேறு மதத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை தாத்தா பாட்டிகளை வரச் சொன்னார்கள். வெள்ளி மாலை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு ஓய்வு நாள் தொடங்கிவிடும். அதற்காக ‘ஹல்லா’ என்றொரு ரொட்டி செய்வார்கள். மாவைக் கயிறு போல் உருட்டி, சடை பின்னுவது போலப் பின்ன வேண்டும். பிள்ளைகள் முழங்கை வரை மாவோடு உட்கார்ந்திருந்தார்கள். என் பேத்தி பின்னியது சடை மாதிரியும் இல்லை, கயிறு மாதிரியும் இல்லை. டீச்சர் அதைத் திருத்தவில்லை. அப்படியே அடுப்புக்குள் போயிற்று. வெந்ததும் எல்லோரும் தின்றோம்.

ஏறக்குறைய நாம் கொலு வைக்கும் காலத்தில் அவர்களுக்கு ‘சுக்கோத்’ என்ற பண்டிகை வரும். எகிப்திலிருந்து புறப்பட்ட முன்னோர்கள் பாலைவனத்தில் குடிசை போட்டுத் தங்கியதன் நினைவாக வாசலில் பந்தல் போடுவார்கள். கூரை தழையால்தான் இருக்க வேண்டும். அதன் இடைவெளியில் நட்சத்திரம் தெரிய வேண்டும். பள்ளிப் பந்தலுக்குக் காகிதச் சங்கிலியும் பழங்களும் கட்டுவது பிள்ளைகளின் வேலை. ‘ஹனுக்கா’ வந்தால் நாலு பக்கப் பம்பரம் செய்வார்கள். பிள்ளை எதைச் செய்தாலும், “இது என்ன?” என்று கேட்டு, அது சொன்ன பதிலை அடியில் எழுதிப் பெயரையும் போட்டுவிடுவார் டீச்சர்.

அந்தப் பெயர் விஷயம் பற்றிப் பின்னால் ஒன்று படித்தேன். ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்று வியன்னாவில் பிறந்த ஓர் ஓவியர். யூதர் என்பதால் நாஜிகள் 1942 டிசம்பரில் அவரைத் தெரேசின் முகாமில் அடைத்தார்கள். அங்கே இருந்த பிள்ளைகளுக்குக் கிடைத்த காகிதத்தில் வரையவும் ஒட்டவும் சொல்லிக்கொடுத்தார். தங்கள் பெயரை எழுதச் சொன்னார். எண்ணாகிப் போன பிள்ளைகளுக்குப் பெயர் வேண்டும் என்பது அதற்குக் காரணமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1944 அக்டோபரில் அவரை ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போகுமுன் அவர் இரண்டு பெட்டிகளில் ஒளித்துவைத்த சுமார் 4,500 படங்கள் தப்பின. இன்று அவை பிராகில் உள்ள யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெரும்பாலான பிள்ளைகள் தப்பவில்லை.

அதே யுத்த காலத்தில் நமக்குப் பக்கத்திலும் ஒருவர் இருந்தார். 1939-ல் சென்னை அடையாறுக்குப் பயிற்சி வகுப்பு நடத்த வந்த மரியா மாண்டிசோரி அம்மையார், இத்தாலி எதிரி நாடானதால் ஊர் திரும்ப முடியாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கிப் பாடம் நடத்தினார். கையால் தொட்டுத்தான் பிள்ளையின் அறிவு வளரும் என்பது அவர் கட்சி. எழுத்தை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி விரலால் தடவச் சொல்வார். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் ஆனா ஆவன்னா எழுதியவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

இனி என் வீட்டுக் கதை. இங்கே மகன் வீட்டுப் பேரனுக்கு வயது நாலரை. ‘காட்டு விலங்குகள்’ என்று ப்ராஜெக்ட் வந்தது. மருமகள் கடைக்குக் கிளம்பினாள். நான் பேரனைக் கூட்டிக்கொண்டு விளாச்சேரிக்குப் போனேன். கொலு பொம்மையும் பிள்ளையாரும் கிறிஸ்துமஸ் குடிலும் செய்யும் ஊர். ஒரு வீட்டில் பிசைந்த மண் கொடுத்தார்கள்.

யானை செய்ய மூன்று நாள் ஆயிற்று. துதிக்கை இரண்டு முறை ஒடிந்தது. மண் கொடுத்த அம்மாள், “அந்தரத்துல தொங்க விடாத சாமி, கால்ல ஒட்டிரு” என்று முன்பே சொல்லியிருந்தார். மூன்றாம் முறைதான் அவனுக்கு அது ஞாபகம் வந்தது. நிழலில் காயவைத்துப் பச்சை வர்ணம் அடித்தான். காட்டுக்குள் போன யானையாம்.

“மாமா, எல்லார் பிள்ளையும் அழகாக் கொண்டு வரும். இவனை மட்டும் கேலி பண்ணினா?” என்றாள் மருமகள். அவள் கவலை நியாயமானது. மகன் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் யானையே போயிற்று.

கண்காட்சியில் அதைக் கடைசி வரிசையில், ஜன்னலோரம் வைத்திருந்தார்கள். “அடுத்த தடவை பேரன்ட்ஸ் கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க” என்றார் மிஸ். மருமகள் முகம் சுருங்கிவிட்டது. பேரனோ யானைக்குப் பக்கத்தில் நின்று, வந்தவர் போனவரிடமெல்லாம் துதிக்கை இரண்டு தரம் ஒடிந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். முன் வரிசையில் இருந்த ஒரு பையன் இரண்டு தடவை கேட்டுவிட்டு, “எனக்கும் செய்யத் தருவியா?” என்றான். பரிசு எதுவும் வரவில்லை. மருமகள் அன்று என்னோடு அதிகம் பேசவில்லை.

போன வாரம் அடுத்த ப்ராஜெக்ட் வந்திருக்கிறது: ‘வாகனங்கள்’. காலையில் காபி கொடுக்கும்போது, “மிச்ச மண்ணு காஞ்சு போச்சா மாமா?” என்று கேட்டாள். ஈரத்துணி சுற்றி வைத்திருப்பதைக் காட்டினேன். பேரன் இப்போது பஸ்ஸுக்குச் சக்கரம் உருட்டுகிறான். இதுவரை ஐந்து உருட்டியிருக்கிறான். ஒன்று ஸ்டெப்னியாம்.