அப்பா போன் செய்யக் கூடாது

"ஏம்மா, அங்க மிலிட்டரில ஆபீசர் ஆகணும்னா எம்.பி. லெட்டர் வேணுமாமே? அப்புறம் எதுக்கு நம்ம ஊரைக் குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்க?" என்று பாளையங்கோட்டையிலிருந்து சித்தப்பா போனில் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது. கேந்திரிய வித்யாலயாவில் ஓர் எம்.பி.க்கு ஆண்டுக்குப் பத்து இடம் என்று இருந்த ஒதுக்கீட்டை 2022-இல்தான் எடுத்தார்கள். அதுவரை அந்த ஒரு கடிதத்துக்காக யார் யார் வாசலில் நின்றோம், யாருக்குப் பழக்கூடை கொண்டுபோனோம் என்பதெல்லாம் சித்தப்பாவுக்கே நன்றாகத் தெரியும். தெரிந்தவரே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசினால் கோபம் வராதா?

நான் நியூ ஜெர்சியில் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். தரைப்படைக்கு வெஸ்ட் பாயிண்ட், கடற்படைக்கு அன்னாபொலிஸ், விமானப்படைக்குக் கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்று இங்கே இருக்கும் ராணுவ அகாடமிகளுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளைப் பற்றிக் கணக்கு ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் கருத்து எழுதித் தர வேண்டும். அதனால் இலையுதிர் காலம் வந்தால் யாராவது ஒரு பையனோ பெண்ணோ என் மேஜை முன்னால் நிற்பது வழக்கமாகிவிட்டது.

கடிதம் வேண்டும் என்பது உண்மைதான். கோஸ்ட் கார்டு அகாடமி ஒன்றுக்கு மட்டும் அது தேவையில்லை. மற்றவற்றுக்குப் பொதுவாகத் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினரோ, மாநிலத்தின் இரண்டு செனட்டர்களில் ஒருவரோ, துணை ஜனாதிபதியோ பரிந்துரைக்க வேண்டும். ஓர் உறுப்பினரின் கணக்கில் ஓர் அகாடமியில் ஒரே சமயத்தில் ஐந்து பேர்தான் படிக்கலாம். ஒரு காலியிடத்துக்கு அவர் பல பெயர்களை அனுப்பலாம். பெரும்பாலும் அதிலிருந்து பொறுக்கிக்கொள்வது அகாடமிதான். ஆக, கடிதம் கிடைத்தாலும் இடம் கிடைத்துவிடாது.

நான் சொல்ல வந்தது அந்தக் கடிதத்துக்கு முன்னால் நடப்பதை. பல உறுப்பினர்கள் தொகுதியில் ஒரு குழு வைத்திருப்பார்கள். ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி, முன்னாள் தலைமையாசிரியர், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த யாராவது ஒருவர் என்று சேர்ந்து உட்கார்ந்து, பதினேழு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு "நீ ஏன் இதற்கு வருகிறாய்?" என்று கேட்பார்கள். அந்த அறைக்குள் பெற்றோருக்கு இடமில்லை. அறைக்குள் மட்டுமா? விண்ணப்பம் சம்பந்தமாக எங்களோடு பேச வேண்டியது மாணவர்தான், பெற்றோர் அல்ல என்று பல அலுவலகங்கள் வெளிப்படையாகவே சொல்லிவிடுகின்றன. கடைசித் தேதி என்றைக்கு என்று கேட்பதானாலும் பிள்ளைதான் கேட்க வேண்டும்.

இந்த ஒரு விதிக்காக நான் அமெரிக்காவின் பல பாவங்களை மன்னித்துவிடுவேன். இங்கே நம்மவர் வீடுகளில் பிள்ளையின் மின்னஞ்சல் முகவரியைத் திறப்பது அப்பா, கடவுச்சொல் வைத்திருப்பது அப்பா. பள்ளி ஆலோசகருக்கு "நான் உங்கள் மாணவன் எழுதுகிறேன்" என்று இரவு பதினொன்றரைக்குக் கடிதம் போடுவதும் அப்பாதான். கட்டுரையை அம்மா திருத்துவாள், அக்கா இன்னொரு முறை திருத்துவாள், அப்புறம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கும் ஓர் ஆலோசகர் அதற்கு மெருகு போடுவார். அப்படி வளர்ந்த பையன், எம்.பி. அலுவலகத்துக்கு முதல் தடவையாகப் போன் போடப் போகும்போது என்ன சொல்ல வேண்டும் என்று என்னிடம் கேட்டான். "உன் பெயரைச் சொல், என்ன வேண்டும் என்று சொல்" என்றேன். அதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு நடைக்கூடத்தில் நின்று பேசினான். குரல் நடுங்கியது. ஆனாலும் பேசிவிட்டான். மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் அடுத்த சோதனை வந்தது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஆஸ்துமா இருந்திருந்தால் சிக்கல். விதிவிலக்குக் கேட்டு மனுப் போட வேண்டும். எந்த வயதில் இன்ஹேலரை விட்டோம் என்பது அவனுக்கே தெரியவில்லை. தன் உடம்பின் வரலாற்றை அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாக அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

இந்த ஏற்பாடு சும்மா வந்ததல்ல. நாடு முழுவதிலிருந்தும் ஆட்கள் வரட்டும் என்று தொகுதிக்கு ஓர் இடம் என்பதை 1843-இலேயே சட்டமாக்கினார்கள். அதற்கு முன் அது வெறும் வழக்கமாக இருந்த காலத்தில், 1839-இல், ஒஹையோ எம்.பி. ஒருவர் ஹைரம் யுலிசிஸ் கிராண்ட் என்ற பையனின் பெயரைத் தப்பாக 'யுலிசிஸ் எஸ். கிராண்ட்' என்று எழுதி அனுப்பிவிட்டார். பையன் சொல்லிப் பார்த்தான், ராணுவம் திருத்தவில்லை. உள்நாட்டுப் போரை வென்று ஜனாதிபதியானதும் அந்தத் தப்பான பெயரோடுதான். ரேஷன் கார்டில் பெயர்ப் பிழையோடு வாழ்கிறவர்கள் மனம் தேறலாம்.

அதற்காக இந்த வாசல் எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்தது என்று சித்தப்பாவிடம் நான் வாதாட மாட்டேன். 1932-இல் பெஞ்சமின் டேவிஸ் என்ற கறுப்பின இளைஞர் வெஸ்ட் பாயிண்டில் சேர, காங்கிரஸில் அப்போது இருந்த ஒரே கறுப்பின உறுப்பினரான சிகாகோவின் ஆஸ்கர் டி பிரீஸ்ட்தான் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. வேறு யார் செய்வார்கள்? உள்ளே போன பிறகு நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் அவரோடு பேசவில்லை. தனி அறை, தனிச் சாப்பாடு. 1936-இல் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தார். பின்னால் விமானப்படை ஜெனரல் ஆனார். பிரதிநிதி இல்லாதவனுக்குப் பரிந்துரையும் இல்லை என்பது இந்த முறையோடு கூடவே பிறந்த நோய்.

இங்கே ஆசிரியர் அறையில் யாராவது, உலகத்துக்குத் தகுதி என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்ததே தாங்கள்தான் என்கிற தோரணையில் பேசினால், நான் உடனே கடக்வாஸ்லாவுக்குப் போய்விடுவேன். அங்கே இருக்கும் நம் தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு எந்த எம்.பி.யும் தேவையில்லை. யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு வைக்கிறது. எழுத்துத் தேர்வு 900 மதிப்பெண், எஸ்.எஸ்.பி. என்னும் நேர்முகத் தேர்வு 900 மதிப்பெண். அதற்காக உடுமலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் தகரப்பெட்டியோடு ரயிலேறி அலகாபாத்துக்கோ போபாலுக்கோ தனியாகப் போவான். போனதும் பெயரை வாங்கிக்கொண்டு நெஞ்சில் ஓர் எண்ணைக் கட்டிவிடுவார்கள். ஐந்து நாள். அறுபது சொற்கள், சொல்லுக்குப் பதினைந்து வினாடி, மனதில் வந்ததை எழுது. படத்தைப் பார், கதை எழுது. கயிற்றையும் கட்டையையும் வைத்துக்கொண்டு முன்பின் தெரியாதவர்களோடு பள்ளத்தைத் தாண்டு. அங்கேயும் அப்பா போன் செய்ய முடியாது, செய்தாலும் எடுப்பாரில்லை. பல எம்.பி. குழுக்கள் அரைமணி நேரத்துக்குள் முடிக்கும் பேட்டியைவிட இது ஆழமான சல்லடை என்றுதான் நான் நினைக்கிறேன். இதற்கும் நாம் கோச்சிங் கடை திறந்துவிட்டோம் என்பது வேறு கதை.

இன்னொன்றும் உண்டு. இங்கே மதிப்பெண் மட்டும் போதாது. ஆளை முழுதாக எடைபோடுவோம் என்பார்கள். விளையாட்டு அணித் தலைமை, சாரணர் இயக்கத்தின் உயர்ந்த பட்டம், கோடைத் தொண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. சாயங்காலம் அம்மாவின் கடையில் கல்லாவில் உட்காரும் பெண் எந்த அணிக்குத் தலைமை தாங்குவாள்? உடற்தகுதித் தேர்வு தேவலை, அதற்குக் காசு வேண்டாம்: முழங்காலிட்டபடி பாஸ்கெட்பால் எறிவது, புல்-அப், புஷ்-அப், ஒரு மைல் ஓட்டம் என்று போகும். நம் பிள்ளைகள் வயலினிலும் எழுத்துப் போட்டியிலும் காட்டும் சூரத்தனம் புல்-அப் கம்பியில் எடுபடுவதில்லை.

தமிழ்ச் சங்கத்தில் இதைப் பேச்செடுத்தால், கல்விக் கட்டணமே இல்லை என்றதும் நாற்காலியை முன்னால் இழுப்பார்கள். பட்டம் வாங்கியதும் குறைந்தது ஐந்து ஆண்டு படையில் வேலை என்றதும் பின்னால் தள்ளிவிடுவார்கள். உண்மையாகவே ஆசைப்பட்டு வருபவர்களுக்கோ வேறு தடை.

போன ஆண்டு வந்தவள் அப்படித்தான். கோயம்புத்தூரில் பிறந்து கைக்குழந்தையாக இங்கே வந்தவள், ஓடுவாள், கால்குலஸில் என்னையே மடக்குவாள். வெஸ்ட் பாயிண்டில் 1976 முதல் பெண்கள் இருக்கிறார்கள், அதில் தடையில்லை. அவளிடம் இருந்தது அப்பாவின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசா. இங்கிருந்து விண்ணப்பிக்கக் குடியுரிமை வேண்டும். அப்பாவின் கிரீன் கார்டு வரிசையோ அவளுக்கு இருபத்தொரு வயதாகும்போதும் நகர்ந்திருக்காது. வகுப்பில் தினமும் கொடிக்கு உறுதிமொழி சொல்லி வளர்ந்த பெண்ணுக்குச் சொல்லும் பதிலா இது?

"டீச்சர், இந்தியாவில் என்னைச் சேர்ப்பார்களா?" என்று அவளேதான் கேட்டாள். உச்ச நீதிமன்றம் 2021-இல் தேசிய பாதுகாப்பு அகாடமியின் கதவைத் திறக்கச் சொன்னது, 2022-இல் பெண்கள் சேர்ந்தார்கள், 2025 மே மாதத்தில் முதன்முதலாகப் பதினேழு பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள் என்று சொன்னேன். எதிலிருந்து தப்பித்து அமெரிக்கா வந்தோமோ அதற்கே பெண்ணைத் திருப்பி அனுப்பப் பார்க்கிறேன் என்று அவள் அப்பாவுக்கு என் மேல் கோபம். அவள் பழைய வினாத்தாள்களை இறக்கி வைத்திருக்கிறாள். இந்திய அரசியலமைப்பும் வரலாறும் கேட்கும் பொது அறிவுத் தாள் அவளை மிரட்டுகிறது. கணக்கு 300 மதிப்பெண், இரண்டரை மணி நேரத்தில் 120 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. அதனால் மதிய இடைவேளையில் அதைப் பிடுங்கி என் மேஜைக்குள் வைத்துவிட்டுத்தான் உட்காரவைக்கிறேன். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிப்பார்கள் என்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எஸ்.ஏ.டி.யில் அப்படியெல்லாம் இல்லையே என்று என்னோடு சண்டை பிடிக்கிறாள்.