கசியும் இடத்தை அடையுங்கள்



பாகூர், வில்லியனூர் பகுதிகளில் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜினில் ஓடும் புல்வெட்டியோ களை எடுக்கும் இயந்திரமோ வைத்திருப்போர் சிலர் இதைக் கண்டிருக்கலாம். ஊற்றாமலேயே ஆயிலின் அளவு உயர்ந்து நிற்கும். முகர்ந்தால் பெட்ரோல் வாசனை வீசும். அது பெருக்கமன்று, கேடு.

கார்புரேட்டரின் ஊசி வால்வில் தூசி சிக்கினாலோ, அது தேய்ந்தாலோ, டேங்கிலுள்ள பெட்ரோல் தடையின்றி இறங்கி, சிலிண்டருக்குள் புகுந்து, பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலில் கலந்துவிடும். இயந்திரம் ஓடாமல் நிற்கும் இரவிலும் இது சத்தமின்றி நிகழும். நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் உள்ளுறுப்புகள் தேய்ந்தழியும். ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது. வால்வைச் சுத்தம் செய்யவேண்டும், தேய்ந்திருந்தால் புதியது பொருத்தவேண்டும். வேலை முடிந்ததும் டேங்கின் குழாயை மூடுவதே தடுக்கும் வழி.

கோபமும் அப்படிப்பட்டதே. வரப்புத் தகராறில் உடன்பிறந்தவரோடு எழுந்த கசப்பு, பேச்சு நின்ற பின்பும் உள்ளத்தில் கசிந்துகொண்டேயிருக்கிறது. ஞாயிறுதோறும் ஜெபித்தும், கசியும் இடத்தை அப்படியே விட்டுவைத்தால் பயன் என்ன? சூரியன் மறையுமுன் கோபத்தை விட்டுவிடும்படி எபேசு சபையாருக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதினார். அதுவே மாலையில் குழாயை மூடும் செயல். ஆகையால் இன்று பொழுது சாயுமுன் அந்தச் சகோதரனுடைய வீட்டுப் படியேறுங்கள்.

கர்த்தாவே, எங்கள் உள்ளத்தில் கசியும் இடத்தைக் காண்பித்தருளும். அதை இன்றே அடைக்கக் கிருபை தாரும். ஆமென்.