பூஜ்யம் பைட்

2012இல் எங்கள் மாவட்டத்தில் கரண்ட் இருந்த நேரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த வருடம்தான் ஒப்பாரிப் பாட்டுகளைப் பதிவுசெய்தேன். பயராபீசில் சரவெடி பின்னும் இரண்டு பெண்கள் கல்லூரிக்கே வந்து, கணினியில் மாட்டிய மைக் முன்னால் அமர்ந்து பாடினார்கள். சேமித்தேன். 'சேமிக்கப்பட்டது' என்று திரை சொன்னது. உடனே கரண்ட் போனது. திரும்ப வந்தபோது கோப்புகளின் பெயர்கள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றின் அளவும் பூஜ்யம். பழுதுபார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்கும் முன்பே சொன்னார்: "ஒழுங்கா ஷட்டவுன் பண்ணிருக்க மாட்டீங்க மேடம்."

அது ஏன் நடந்தது என்பதைப் பல வருடம் கழித்து ஒரு பழைய மாணவி விளக்கினாள். என்னிடம் பகுதி ஒன்று தமிழ் படித்தவள். இப்போது பெங்களூரில் சேமிப்புக் கருவிகளின் டிரைவர்களைச் சோதிக்கிறாள். இயங்குதளத்தின் அடியில் இருக்கும் கெர்னலுக்கும் வன்தட்டுக்கும் நடுவே பேசுவது டிரைவர். வேகத்துக்காகக் கணினி, எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. தட்டும் தன் பங்குக்குத் தற்காலிக நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டே 'எழுதிவிட்டேன்' என்கிறது. 'இப்போதே இறக்கு' என்ற கட்டளை நடுவில் எங்காவது நழுவினால், பெயர் தட்டில் ஏறிவிடும், பாட்டு ஏறாது.

"எங்க வேலையே கரண்டப் பிடுங்குறதுதான் மேடம்" என்றாள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. ஃபியோ என்ற கருவியால் நாள்கணக்கில் எழுதியும் படித்தும் தட்டைத் திணறடிப்பார்கள். எழுதியதே திரும்பி வருகிறதா என்று ஒப்பிடுவார்கள். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே ஸ்கசி டீபக் என்று ஒரு பொய்த் தட்டு உண்டு. வேண்டுமென்றே பிழை சொல்லும். டிஎம்-ஃப்ளேக்கி சில வினாடி ஒழுங்காக நடந்து, பிறகு எழுதச் சொன்னதைச் சத்தமில்லாமல் கீழே போடும். (எனக்குத் தெரிந்த சில கணவர்களின் ஞாபகம் வந்தது.)

2018இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து வந்த ஓர் ஆய்வைப் பற்றியும் சொன்னாள். முதல் ஆசிரியர் ஜெயஸ்ரீ மோகன்; கூட விஜய் சிதம்பரம் உள்ளிட்ட நால்வர். மூன்றுக்கு மேல் போகாத சின்னச் சின்னச் செயல்களை விதவிதமாகக் கோத்து, 65 கணினிகளில் இரண்டு நாள், 33 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை ஓட்டி, நடுவில் மின்சாரம் போனதுபோல் நடித்துப் பார்த்தார்கள். லினக்ஸ் கோப்பு முறைமைகளில் 10 புதிய பிழைகள் கிடைத்தன. அவற்றில் ஏழு, 2014 முதல் உள்ளே கிடந்தவை. அத்தனை காலமும் எத்தனை பேரிடம் 'ஒழுங்கா மூடியிருக்க மாட்டீங்க' என்று சொல்லியிருப்பார்களோ!

என்னைப் பிடித்துக்கொண்டது அந்தத் தொழிலின் அடிப்படை எண்ணம். மனிதர் கவனமாக இருப்பார் என்று அது நம்பியிருப்பதில்லை. கரண்ட் போகும், வயரைக் குழந்தை இழுக்கும். அதற்குப் பிறகும் தாங்க வேண்டியது கருவியின் பொறுப்பு.

எங்கள் ஊரில் நேர்மாறு. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ. செய்தியில் 'உராய்வு' என்று வரும். பேச்சில் 'வேலையாளின் கவனக்குறைவு' என்று வரும். சிவகாசியில் பட்டாசு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கலவை எவ்வளவு உரசலைத் தாங்கும் என்று அங்கே அளக்க முடியும். ஆனால் தீபாவளிக்கு முந்தைய மாதங்களில், உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், ஓர் அறையில் அனுமதித்ததைவிடக் கூடுதலாக உட்கார்ந்திருக்கும் பெண்களின் கைவேகத்தை எந்தக் கருவியில் வைத்து அளப்பது? செட்டில் ஆளை வைத்துக்கொண்டு கரண்டைப் பிடுங்கிப் பார்க்கவும் முடியாது. பொய்த் தட்டு செய்வதுபோலப் பொய் உடம்பு செய்ய முடியாது. ஒப்பீடு அங்கே நின்றுவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். யாரைச் சந்தேகித்துத் தொடங்குவது என்ற கேள்வி மட்டும் நிற்கவில்லை.

மாணவியின் அம்மா இன்னும் வெம்பக்கோட்டைப் பக்கம் வேலைக்குப் போகிறார். மகளின் வேலையைப் பற்றி அவரிடம் கேட்டேன்.

"ஒடச்சுப் பாக்குறதுக்குச் சம்பளம் குடுக்காங்களாம்மா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒடஞ்சா யாரு மேல கேசு போடுவாகளாம்?" என்று கேட்டார்.