மஞ்சப்பையில் இருந்த கணக்கு

சிறு வயதில் புற்றுநோய் வந்து குணமானவர்களை வருடா வருடம் வரவழைத்துப் பார்ப்பது என் வேலை. ஸ்டெதஸ்கோப்பைவிட இதில் அதிகம் கைகொடுப்பது கூட்டல் கணக்குதான்.

ஒரு மழைக்காலத்தில், ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். படியேறினால் மூச்சு வாங்குகிறது. மாசமாக இருந்தால் அப்படித்தான் என்று சொல்லியே அனுப்பியிருக்கிறார்கள். மருமகன் டீ வாங்கப் போகும்வரை காத்திருந்த அவள் அம்மா மஞ்சப்பையைப் பிரித்தார். “ஒன்பது வயசுல கால் எலும்புல கட்டி, டாக்டர். கல்யாணத்தப்போ சின்ன ஆபரேஷன்னு மட்டும் சொன்னோம்.” மகளுக்கு முடி கொட்டியதுதான் நினைவிருந்தது. சிகிச்சை நடந்த இடத்தில் கோப்பு இல்லை. அந்த அம்மாதான் பதினேழு வருடம் சீட்டுகளைப் பரண்மேல் காப்பாற்றியிருந்தார்.

யூயிங் சர்கோமா. மங்கிய நீல மையில் டாக்ஸோரூபிசின், நோயாளிகள் சொல்லும் ‘சிவப்பு மருந்து’, உடற்பரப்பில் சதுர மீட்டருக்கு 75 மி.கி. வீதம் ஐந்து முறை. பென்சிலால் ஓரத்தில் கூட்டினேன்: 375. மொத்தம் 250-ஐ எட்டினாலே பிற்காலத்தில் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து அதிகம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ பார்க்க வேண்டும். இவளுக்கு ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. கர்ப்பத்தில் ரத்த அளவு கூடும்போது அந்த இதயம் திணறியிருக்கிறது. இதயநோய் மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் சேர்ந்து பார்த்து, தாயையும் பிள்ளையையும் பத்திரமாகக் கரைசேர்த்தார்கள்.

மறைத்த அம்மாவைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. “நோய் போயிடுச்சு, எல்லாத்தையும் மறந்துடுங்க” என்று ஆரம்ப காலத்தில் நானே எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறேன். மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் சிகிச்சை முடிந்த பிள்ளைகளுக்கென்றே 1991-இல் தனிப் பிரிவு தொடங்கிவிட்டார்கள். பின்விளைவுகள் இதயத்தோடு நிற்பதில்லை. சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து கேட்கும் திறனைக் குறைக்கலாம். சிறுமியாக மார்பில் ‘கரண்டு’, அதாவது கதிர்வீச்சு, வைத்துக்கொண்டவளுக்கு 25 வயதிலேயே மார்பகப் பரிசோதனை தொடங்க வேண்டியிருக்கும். இதெல்லாம் தெரிந்தும் மறக்கச் சொன்னோமே என்பது இன்றும் உறுத்துகிறது.

இப்போது என்ன மருந்து, மொத்தம் எவ்வளவு, எதை எப்போது பார்க்க வேண்டும் என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதுகிறேன். பதினைந்து வயதானதும் அந்தப் பிள்ளையையே உட்காரவைத்து வாசிக்கச் சொல்கிறேன்.

மஞ்சப்பையோடு வந்த அந்தப் பெண், கணவரிடம் தானே சொல்லிவிட்டாள். இப்போது எக்கோவுக்குக் கூட்டி வருவது அவர்தான். சீட்டு எழுதும் நர்ஸ் கேட்குமுன்னே சொல்கிறார்: “சிவப்பு மருந்து, 375.”